அரை அங்குல விளிம்பு

ஜனவரி 9

மாஸ்டருக்கு,

அண்ணி எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போடாதே. முழுக்கப் படித்துவிட்டுக் கிழி.

போனில் பேசினால் மூன்றாவது நிமிஷமே நம் இருவருக்கும் குரல் ஏறிவிடுகிறது. "ரெண்டு பேரும் போனைத் தொடாதீங்க, எழுதிக்குங்க. எழுதும்போதாவது மூச்சு விட நேரம் கிடைக்கும்" என்று உன் அண்ணன் சொல்லிவிட்டார். தங்கைக்கும் பெண்டாட்டிக்கும் நடுவில் அவர் மத்தளம். இரண்டு பக்கமும் இடி.

நீ வீட்டை விட்டுப் போய் இரண்டு மாதமாகிறது. நான் செய்தது தப்புதான். நான்கு நாள் வண்ணம் பூப்பூவாக விரிய உப்புத் தூவி, ஈரம் காய்வதற்குக் காத்திருந்து, நீ வண்ணம் போட்ட மூன்று மீட்டர் துணியை உன்னைக் கேட்காமல் நாற்பது துண்டாக வெட்டினேன். ஆனால் வெட்டாமல் எப்படிக் குவில்ட் தைப்பது? மேல் துணி, நடுவில் பஞ்சு, அடியில் ஒரு துணி, மூன்றையும் சேர்த்துத் தையல். மேல் துணி என்பதே ஒட்டுத்தானே? மூன்று வருஷமாக நீ வண்ணம் போட, நான் வெட்டித் தைக்க, இப்படித்தானே சுவரில் மாட்டுகிற குவில்ட்களைச் செய்தோம்? அன்றைக்கு மட்டும் உனக்கு ஏன் அப்படிக் கோபம் வந்தது? பெட்டியை எடுத்துக்கொண்டு, நீ கலர் மாஸ்டராக இருந்த பழைய சாயப்பட்டறை இருக்கும் ஊருக்கே போகிற அளவுக்கு?

சரி, அதை விடு. நகர அரங்கில் ஏப்ரல் முதல் வாரத்திலிருந்து துணிக்கலைக் கண்காட்சி. நாம் மூன்று வருஷமாக விண்ணப்பம் போட்டு மூன்று வருஷமும் 'வருந்துகிறோம்' வாங்கிய அதே கண்காட்சிதான். இந்தத் தடவை அவர்களே கேட்டிருக்கிறார்கள். 'மழைக்குப் பின் தோட்டம்' என்று நீ சொல்லிக்கொண்டிருந்தாயே, அதை ஒன்பது கட்டமாக, ஒரு சுவர் முழுவதற்கும் செய்யலாம். பிப்ரவரி கடைசியில் இரண்டு கட்டத்தைத் தேர்வுக் குழுவுக்குக் காட்ட வேண்டும்.

நீ இல்லாமல் நான் வெறும் ஊசி. வருகிறாயா என்று கேட்கவில்லை, வண்ணம் போட்டு அனுப்புகிறாயா என்று மட்டும் கேட்கிறேன். குட்டி தினமும் உன் அறைக் கதவைத் தட்டி, "அத்தை தூங்குறாங்க" என்று அதுவே சொல்லிக்கொண்டு போகிறது.

அண்ணி


ஜனவரி 20

அண்ணிக்கு,

கடிதத்தைக் கிழிக்கவில்லை. சளி பிடித்திருந்தது, அதனால் தாமதம்.

செய்கிறேன். ஆனால் நிபந்தனை உண்டு. ஒவ்வொரு கட்டத்தையும் நீங்கள் தைக்கப் போகிற அளவிலேயே வண்ணம் போட்டு அனுப்புவேன். நான்கு பக்கமும் அரை அங்குலம் விட்டிருப்பேன். அந்த அரை அங்குலம் உங்களுடையது, உள்ளே மடித்துத் தைத்துக்கொள்ளுங்கள். அதற்கு இந்தப் பக்கம் கத்தரிக்கோல் வரக் கூடாது.

இரண்டாவது, யாரும் என்னைப் பார்க்க வர வேண்டாம். முக்கியமாகக் குட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள். அறை சின்னது. வேலைக்கு இடைஞ்சல்.

இத்துடன் இரண்டு கட்டம். மேல் வரிசையில் நடுக்கட்டமும் வலது கட்டமும். காடாத் துணியைக் கஞ்சி போக அலசி, ஈரமாக இருக்கும்போதே இலைகளைப் போட்டேன். ஈரத்தில் வண்ணம் தானாக ஓடிச் சேரும் இடங்களை அப்படியே விட்டிருக்கிறேன். பின்பக்கம் இஸ்திரி போட்டுவிட்டேன், இனிச் சாயம் போகாது. இலைகளின் பச்சையைப் பாருங்கள். மழை விட்டுப் பத்து நிமிஷத்தில் இருக்கும் பச்சை. இதைக் கலக்க எனக்கு மூன்று நாள் ஆயிற்று.

அண்ணன் நேரத்துக்குச் சாப்பிடுகிறாரா?

நாத்தனார்


பிப்ரவரி 2

மாஸ்டருக்கு,

பார்சல் வந்தது. பிரித்து மேஜைமேல் விரித்தேன். மடித்துவிட்டு மறுபடி விரித்துப் பார்த்தேன்.

கோபம் இருந்தால் நேராகத் திட்டிவிடு. அதை ஏன் துணியில் காட்டுகிறாய்? தோட்டம் கேட்டேன், துருப்பிடித்த தகரம் அனுப்பியிருக்கிறாய். வானம் சரி. தேங்கிய தண்ணீரின் நீலம் அவ்வளவு அழகு. ஆனால் இலைகள் எல்லாம் செங்கல் நிறம். "பச்சையைப் பாருங்கள்" என்று ஒரு வரி வேறு. கேலிதானே? துணியை வெட்டினதற்குப் பழி வாங்குகிறாயா?

"புதுசா ஏதோ முயற்சி பண்றா போல, விடேன்" என்கிறார் உன் அண்ணன். அவருக்கு நீ கரியைப் பூசி அனுப்பினாலும் புதுசு.

வேறு இரண்டு கட்டம் அனுப்பு. நாள் அதிகம் இல்லை.

அண்ணி


பிப்ரவரி 10

அண்ணிக்கு,

பதினான்கு வருஷம் சாயப்பட்டறையில் கலர் மாஸ்டராக இருந்தவள் நான். வாங்க வருகிறவர்கள் ஒரு நூலைக் காட்டினால், இதில் எத்தனை பங்கு மஞ்சள், எத்தனை பங்கு நீலம் என்று பார்த்த பார்வையில் சொல்வேன். மெஷினில் அளந்து பார்த்து, "மாஸ்டர் சொன்னதுதான் சரி" என்று திரும்பி வருவார்கள். எனக்குப் பச்சை எது, செங்கல் எது என்று நீங்கள் பாடம் எடுக்க வேண்டாம்.

உங்கள் தையல் அறையில் தொங்கும் மஞ்சள் பல்பைக் கழற்றி எறியுங்கள் என்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன்? துணியை ஜன்னலுக்கு எடுத்துப்போய் வெளிச்சத்தில் பாருங்கள். அது பச்சைதான். வேறு கட்டம் அனுப்ப மாட்டேன்.

குறை சொல்வதென்றால் உங்களுக்கு அல்வா சாப்பிடுகிற மாதிரி.

நாத்தனார்


பிப்ரவரி 24

என் அருமை மாஸ்டருக்கு,

உன் காலில் விழ வேண்டும்போல் இருக்கிறது. வயதில் மூத்தவள் என்பதால் விழவில்லை.

வேறு வழியில்லாமல் அந்த இரண்டு கட்டத்தையே தைத்து எடுத்துப்போனேன். உன் மேல் இருந்த ஆத்திரத்தில் தையலை நெருக்கமாகப் போட்டிருந்தேன். தேர்வுக் குழுவில் நரைத்த தலையோடு ஒரு அம்மாள், யார் எதைக் காட்டினாலும் உதட்டைப் பிதுக்குகிறவர். நம் துணி முன்னால் நின்றவர் நகரவே இல்லை. "இலையைச் சிவப்பாக்க யாருக்கும் துணிச்சல் வரும். ஆனா இது சிவப்புன்னு தெரியாத மாதிரி, பச்சைன்னு நம்பிப் போட்ட மாதிரி இருக்கு. இதை எப்படிச் செஞ்சீங்க?" என்று கேட்டார்.

எனக்கு என்ன தெரியும்? "என் நாத்தனார் பெரிய கலர் மாஸ்டருங்க, அவ கண்ணே வேற" என்று அளந்துவிட்டேன். கூடத்தின் நடுச்சுவரை நமக்கு ஒதுக்கிவிட்டார்கள். மூன்று வருஷம் ஓரத்தில் ஒரு ஆணிக்குக்கூட இடம் தராதவர்கள்!

ஜன்னல் வெளிச்சத்திலும் பார்த்துவிட்டேன். செங்கல் நிறம்தான். ஆனால் நீ வேண்டுமென்றேதான் செய்திருக்கிறாய், எனக்குத்தான் புரியவில்லை. திட்டியதற்கு மன்னித்துக்கொள். மீதி ஏழு கட்டத்தையும் இதே மாதிரி செய்து அனுப்பு. இதே சிவப்பு இலை.

அண்ணி


மார்ச் 3

அண்ணிக்கு,

சந்தோஷம்.

ஆமாம். வேண்டுமென்றேதான் அப்படிச் செய்தேன்.

ஏழு கட்டமும் அடுத்த வாரம் வரும். கொஞ்ச நாளைக்கு எனக்கு எழுத வேண்டாம். வேலை இருக்கிறது.

நாத்தனார்


மார்ச் 15

மாஸ்டருக்கு,

ஏழும் வந்து சேர்ந்தன. தைக்க ஆரம்பித்துவிட்டேன்.

நன்றாக இருக்கின்றன. முதல் இரண்டைப் போல வண்ணம் ஒன்றுக்குள் ஒன்று ஓடவில்லை, எல்லாம் தனித்தனியாக நிற்கின்றன. பரவாயில்லை, தூரத்தில் இருந்து பார்த்தால் தெரியாது. சிவப்பு சிவப்பாகவே இருக்கிறது.

வேறு ஒன்று எழுத நினைத்தேன். கண்காட்சி முடியட்டும். உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணி


ஏப்ரல் 8

மாஸ்டருக்கு,

கண்காட்சி தொடங்கிவிட்டது. நடுச்சுவரில், நல்ல விளக்கு வெளிச்சத்தில் நம் தோட்டம் தொங்குகிறது. பத்திரிகையில் படம் போட்டு, 'துணிவான நிறங்கள்' என்று எழுதியிருக்கிறார்கள். முதல் நாள் சுமார் இருநூறு பேர் வந்து பார்த்தார்கள். நான் அதன் பக்கத்தில் நின்று சிரித்தேன். சிரித்துச் சிரித்து வாய் வலித்தது. வீட்டுக்கு வந்து அழுதேன்.

இனி மூடி வைத்துப் பயனில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவள் நான்.

மார்ச் 15ஆம் தேதி மூன்றாவது கட்டத்தைத் தைக்க எடுத்து விளிம்பை மடித்தேன். அந்த அரை அங்குலத்தில் பென்சிலால் பொடி எழுத்தில், 'சி' என்று எழுதி ஓர் அம்புக்குறி போட்டிருந்தாய். பக்கத்தில் 'ப'. இன்னொரு பக்கம், 'இது சிவப்பு, மறுபடி தொடாதே.' ஏழு கட்டத்திலும் இருந்தது. மடித்துத் தைத்தால் யாருக்கும் தெரியாது. தைக்கிறவளுக்கு மட்டும்தான் தெரியும்.

பதினான்கு வருஷம் நூலைப் பார்த்தே பங்கு சொன்னவள் சிவப்புக்குப் பக்கத்தில் சிவப்பு என்று எழுதி வைப்பாளா? புட்டி நிறத்தை அப்படியே பூசினால் "சுண்ணாம்பு அடிக்கிறவன் வேலை" என்று திட்டுகிறவள், புட்டி நிறத்தையே பூசி அனுப்புவாளா? எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. உன் கண்ணுக்கு ஏதோ ஆகியிருக்கிறது. அந்த முதல் இரண்டு கட்டம் முயற்சியும் இல்லை, பழியும் இல்லை. உனக்கு அது பச்சையாகவே தெரிந்திருக்கிறது.

புரிந்த பிறகும் நான் எழுதவில்லை. எழுதினால் நீ வேலையை நிறுத்திவிடுவாய், கட்டங்களைத் திருப்பிக் கேட்பாய், சுவர் போய்விடும் என்று பயந்தேன். விளிம்பை மடித்தேன், தைத்தேன். இன்றோடு இருபத்து நான்கு நாள்.

என்ன ஆயிற்று உன் கண்ணுக்கு? யாரிடம் காட்டினாய்? உடனே எழுது. திட்டியாவது எழுது.

அண்ணி


ஏப்ரல் 14

அண்ணிக்கு,

நீங்கள் சொல்லிவிட்டதால் நானும் சொல்லிவிடுகிறேன்.

போன நவம்பரில், உங்களுக்குத் தெரியாமல் இருமலுக்கு டாக்டரிடம் போனேன். நுரையீரலில் காசநோய் என்றார். ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டால் குணமாகிவிடும், முதல் சில வாரம் சின்னக் குழந்தைகளிடம் நெருங்காமல் இருப்பது நல்லது என்றார். வீட்டுக்கு வந்தால் குட்டி என் கட்டிலில் படுத்துத் தூங்கிக்கொண்டிருக்கிறது. உங்களிடம் சொன்னால், "இதெல்லாம் ஒரு நோயா, பேசாம இங்கேயே இரு" என்று கதவை மறித்திருப்பீர்கள். உங்களைத் தெரியாதா எனக்கு?

அன்றைக்குத்தான் நீங்கள் துணியை வெட்டி வைத்திருந்தீர்கள். பழம் நழுவிப் பாலில் விழுந்தது. வாய்க்கு வந்தபடி கத்திவிட்டுக் கிளம்பினேன். மூன்று வருஷமாக நீங்கள் வெட்டித்தானே தைத்தீர்கள்? அதற்காக யாராவது வீட்டை விட்டுப் போவார்களா அண்ணி? குட்டியையும் உங்களையும் சோதித்துப் பார்க்கச் சொல்லியிருக்க வேண்டும். பயத்தில் அதைக்கூடச் சொல்லவில்லை. அதை நினைத்துத்தான் தினமும் சாகிறேன். முதலில் அதைச் செய்யுங்கள்.

கண்ணுக்கு வருகிறேன். இந்த மாத்திரைகளில் ஒன்று சிலருக்குக் கண் நரம்பைப் பாதிக்குமாம். "நிறம் மாறித் தெரிஞ்சா அன்னிக்கே ஓடி வாங்க, நாளைக்குன்னு தள்ளாதீங்க" என்று டாக்டர் முதல் நாளே படித்துப் படித்துச் சொன்னார். நிறத்தைப் பற்றி எனக்கா சொல்கிறார் என்று சிரித்துக்கொண்டேன்.

அந்தப் பச்சையைக் கலக்கும்போது மூன்று நாள் ஆயிற்று என்று எழுதினேனே. பச்சை ரொம்பப் பளபளத்தால் ஒரு துளி சிவப்பு விட்டு அடக்க வேண்டும். விட்டேன், அடங்கவில்லை. இன்னொரு துளி விட்டேன். அப்போதும் அடங்கவில்லை. சிவப்பு விழுந்தது கண்ணுக்கே தெரியவில்லை, அதனால் விட்டுக்கொண்டே இருந்தேன். உங்கள் பிப்ரவரி 24 கடிதம் வந்ததும், மிச்சத் துணியை எடுத்துக்கொண்டு கீழ்வீட்டு அம்மாளிடம் போனேன். "இது என்ன கலர்?" என்று கேட்டேன். "என்னம்மா விளையாடுறியா, செங்கல் கலர்" என்றார். துணியை மடித்து எடுத்துக்கொண்டு மாடிக்கு வந்துவிட்டேன்.

அன்றைக்கே டாக்டரிடம் ஓடியிருக்க வேண்டும். போகவில்லை. போனால், "உனக்கு நிறம் தெரியாது" என்று ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்துவிடுவார். அப்புறம் நான் யார்? எனக்கு வேறு என்ன தெரியும்? புட்டியில் ஒட்டியிருக்கும் பெயரைப் படித்துப் படித்து ஏழு கட்டத்தையும் முடித்தேன். எதை எங்கே பூசினேன் என்பது அடுத்த நிமிஷமே குழம்பிவிடும், அதனால்தான் விளிம்பில் எழுதி வைத்தேன். நீங்கள் பார்ப்பீர்கள் என்று தெரியும். கேட்பீர்கள், கேட்டால் போய்க் காட்டிவிடலாம் என்று இருந்தேன். கடிதம் வந்தது. 'நன்றாக இருக்கின்றன' என்று எழுதியிருந்தீர்கள்.

இன்னும் அந்த மாத்திரையைத்தான் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்.

நாத்தனார்


ஏப்ரல் 17

அடியே,

இந்தக் கடிதத்தை உன் அண்ணன் கையில் கொடுத்து அனுப்புகிறேன். அவர் உன் வாசலில் நிற்கும்போதுதான் இதைப் படிப்பாய். செருப்பைப் போட்டுக்கொண்டு அவரோடு டாக்டரிடம் கிளம்பு. மீதியை வந்து படித்துக்கொள்.

நாங்கள் மூன்று பேரும் சோதித்துக்கொண்டோம். குட்டிக்கு ஒன்றுமில்லை. எங்களுக்கும் ஒன்றுமில்லை. நீ இனிமேல் அதற்காகச் சாகத் தேவையில்லை.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அரங்குக்குப் போய் நம் துணி முன்னால் நின்றேன். ஒரு அப்பா தன் பெண்ணிடம், "பார், இலையைக்கூடச் சிவப்பாப் பார்க்கிறாங்க, அதுதான் கலை" என்று சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு அந்தச் சுவரையே பிடுங்கி எறியலாம் போலிருந்தது. நரைத்தலை அம்மாளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். துணியைக் கழற்றிக்கொள்கிறேன் என்றும் சொன்னேன். "அவங்க கண்ணு என்னாச்சு? அதை முதல்ல பாருங்க. துணி எங்கேயும் போகாது" என்றார் அவர். மூன்று வருஷம் உதட்டைப் பிதுக்கியவருக்குத் தோன்றியது, உன்னோடு ஒரே வீட்டில் சாப்பிட்ட எனக்குத் தோன்றவில்லை.

என்னை மன்னிக்கச் சொல்லிக் கேட்க மாட்டேன். கேட்க வாய் இல்லை. ஒன்றே ஒன்று கேட்கிறேன். இனிமேல் நான் உன் கண்ணாக இருக்கிறேன். நீ வண்ணம் போடு, எது என்ன நிறம் என்று நான் சொல்கிறேன். வீட்டுக்கு வந்துவிடு.

அண்ணி


ஜூன் 21

அண்ணிக்கு,

இரண்டு மாதமாகப் பதில் எழுதாததற்குக் காரணம் வேலை இல்லை. எழுதினால் என்ன எழுதுவேனோ என்று பயமாக இருந்தது.

அண்ணன் விவரமெல்லாம் சொல்லியிருப்பார். அன்றைக்கே அந்த மாத்திரையை நிறுத்திவிட்டார்கள். சிகிச்சையை வேறு மாத்திரையோடு முடித்தாயிற்று. நுரையீரல் சுத்தம். இனி யார் பக்கத்திலும் உட்காரலாம், குட்டியையும் தூக்கலாம்.

கண் டாக்டர் பல நிறத்தில் புள்ளிப் புள்ளியாக இருக்கும் அட்டைகளைக் காட்டி, அதற்குள் என்ன எண் என்று கேட்டார். எண் எதுவும் இல்லை என்றேன். பின்னால் நின்ற அண்ணன் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. இது ஏப்ரலில். போன வாரம் மறுபடி காட்டினார். பதினைந்து அட்டையில் நான்கில் எண் தெரிந்தது. நீலமும் மஞ்சளும் பழையபடி இருக்கின்றன. சிவப்பும் பச்சையும் இன்னும் ஒரே பழுப்புதான். "நிறைய பேருக்குத் திரும்பி வந்துடும். நீங்க ஆறு வாரம் முன்னாடியே வந்திருந்தா தைரியமாச் சொல்லியிருப்பேன்" என்றார்.

ஆறு வாரம். அதில் இருபத்து நான்கு நாள் உங்களுடையது. கணக்குப் போட்டுப் பார்த்தேன். மீதி என்னுடையது, நாள் குறைவு என்றாலும் தப்பு உங்களுடையதைவிடக் குறைவில்லை. என் திமிருக்கும் உங்கள் ஆசைக்கும் நடுவில் என் கண் மாட்டிக்கொண்டது. நீங்கள் மட்டும் செய்தது என்று சொன்னால் எனக்குச் சுலபமாக இருக்கும். இரண்டு மாதம் அப்படித்தான் சொல்லிப் பார்த்தேன், நிற்கவில்லை.

என் கண்ணாக இருப்பதாக எழுதியிருந்தீர்கள். அந்த வேலைக்கு உங்களை வைத்துக்கொள்ள மாட்டேன். பார்த்ததைச் சொல்ல இருபத்து நான்கு நாள் எடுத்துக்கொண்டவர் நீங்கள். நிறத்தைக் குட்டியிடம் கேட்டுக்கொள்கிறேன். அதற்குச் சுவரும் வேண்டாம், பத்திரிகையும் வேண்டாம். செங்கல் என்றால் செங்கல் என்று அங்கேயே சொல்லிவிடும்.

துணி வேலையை விடப் போவதில்லை. நீலத்தையும் மஞ்சளையும் மட்டும் வைத்து இந்த வாரம் ஒரு கட்டம் போட்டேன். ஈரத்தில் இரண்டும் ஓடி ஒன்று சேரும் இடத்தில் எனக்கு ஒரு சாம்பல் தெரிந்தது. அது பச்சை என்று புத்திக்குத் தெரியும். கண்ணுக்குத் தெரியவில்லை. அதன் முன்னால் உட்கார்ந்து அழுதேன் அண்ணி. அம்மா போனபோதுகூட நான் அப்படி அழவில்லை.

சனிக்கிழமை காலை ரயிலில் வருகிறேன். அண்ணனை அனுப்ப வேண்டாம், ஸ்டேஷனுக்கு நீங்களே வாருங்கள். உங்கள் மேல் எனக்குக் கோபம் இன்னும் இருக்கிறது. அது தீர்ந்த பிறகு வரலாம் என்றுதான் காத்திருந்தேன். தீருகிற மாதிரி தெரியவில்லை. அதையும் எடுத்துக்கொண்டே வருகிறேன்.

நாத்தனார்